16-க்குப் பதில் 13... கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-வில் என்ன மாறியது, எது காணாமல்போனது?

2023 செப்டம்பர் 27. லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் 'சி.எஸ்:கோ' கேம் ஒரு அப்டேட் கேட்டது. வழக்கம்போல எல்லோரும் ஓகே கொடுத்தார்கள். டவுன்லோடு முடிந்து திறந்தால், 11 வருஷமாக ஆடிக்கொண்டிருந்த அந்த கேம் அங்கே இல்லை. அதன் நாற்காலியில் 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2' உட்கார்ந்திருந்தது.

கேம் உலகத்தில் இப்படி நடப்பது அபூர்வம். பொதுவாக ஒரு கேமின் அடுத்த பாகம் வந்தால் அதைத் தனியாக வாங்குவோம். பிடிக்கலைன்னா பழசுக்கே திரும்பிப் போய்விடலாம். இங்கே வால்வ் நிறுவனம் அந்தக் கதவையே சாத்திவிட்டது. பழைய கேமின் மேலேயே புதியதை எழுதிவிட்டார்கள். அதனால்தான் இதன் முதல் சில வாரங்களில் வந்த அபிப்ராயங்கள் அவ்வளவு காரமாக இருந்தன. "நல்லா இருக்கா, இல்லையா" என்று நிதானமாகப் பேசும் நிலையில் யாரும் இல்லை. நல்லா இல்லைன்னாலும் இதைத்தான் ஆடியாகணும்.

இன்னிக்கு நீங்கள் புதிதாக இதற்குள் போகப்போகிறீர்கள், அல்லது சி.எஸ்:கோ ஆடிவிட்டு நடுவில் விட்டு, இப்போது திரும்பி வருகிறீர்கள் என்றால், அந்த முதல் வாரச் சண்டைகளில் எது சரி, எது அவசரப்பட்டுச் சொன்னது, எதை வால்வ் பிறகு சரிசெய்தது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

கொஞ்சம் முன்கதை

மொபைலில் பி.ஜி.எம்.ஐ, ஃப்ரீ ஃபயர் மட்டும் ஆடியவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிடலாம்.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1999-ல் 'ஹாஃப்-லைஃப்' கேமுக்கான ஒரு மாட் ஆகத்தான் பிறந்தது. மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் செய்தது. அதை வால்வ் வாங்கி 2000-ல் தனி கேமாக வெளியிட்டது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து 1.6 ஆடிய அண்ணன் யாராவது உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பார். 'டஸ்ட் 2' என்று சொல்லிப் பாருங்கள், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். 2012-ல் சி.எஸ்:கோ வந்தது. 2018 டிசம்பரில் அது இலவசமானது.

ஆட்டம் ரொம்ப எளிமை. ஐந்துக்கு ஐந்து. ஒரு அணி பாம் வைக்க வேண்டும், இன்னொரு அணி தடுக்க வேண்டும். ஒரு ரவுண்டில் செத்தால் அந்த ரவுண்டு முடியும்வரை வேடிக்கைதான். ரீகால் கிடையாது, மறுபிறவி கிடையாது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் கையில் இருக்கும் பணத்தில் துப்பாக்கி, கவசம், குண்டு எல்லாம் வாங்கணும். ஜெயித்தால் நிறைய பணம், தோற்றால் கொஞ்சம். இந்தப் பணக் கணக்குதான் ஆட்டத்தின் உயிர். துப்பாக்கி சுடத் தெரிந்தவனைவிட பட்ஜெட் போடத் தெரிந்தவன் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பான்.

2023 மார்ச் 22-ல் இரண்டாம் பாகத்தை அறிவித்தபோதே சிலருக்கு மட்டும் டெஸ்ட் ஆட அழைப்பு போனது. அப்போது அவர்களுக்குக் கிடைத்ததும் அதே டஸ்ட் 2 மேப்தான். அழைப்பு வராதவர்கள் ட்விச்சில் அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

புகைக்குள் துளை

எல்லோரும் ஒருமனதாகக் கைதட்டிய மாற்றம் ஸ்மோக் கிரனேடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏன்னா ஆட்டத்தின் சிந்தனையையே மாற்றியது இதுதான்.

சி.எஸ்:கோவில் புகை என்பது கிட்டத்தட்ட ஒரு திரைப்படம் மாதிரி. உங்கள் கம்ப்யூட்டர் உங்களுக்கு ஒரு புகையை வரைந்து காட்டும், எதிராளியின் கம்ப்யூட்டர் அவருக்கு ஒன்றை வரைந்து காட்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கணும் என்று அவசியமில்லை. அதனால் ஓரத்தில் நின்று பார்த்தால் ஒருவருக்கு மட்டும் எதிராளியின் கால் தெரியும், எதிராளிக்கு வெறும் வெள்ளை மட்டும் தெரியும். 'ஒன்-வே ஸ்மோக்' என்று இதற்கென்றே யூடியூபில் ஆயிரம் வீடியோ.

புதிய பாகத்தில் புகை என்பது ஒரு பொருள். அதற்குக் கனஅளவு உண்டு. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே புகைதான். சின்ன ரூமில் போட்டால் ரூம் முழுக்க நிரம்பி, கதவு இடுக்கு வழியாக வெளியே வழியும். படிக்கட்டில் போட்டால் படி இறங்கும். அதைவிட முக்கியம், புகைக்குள் சுட்டால் குண்டு போன பாதையில் ஒரு துளை விழும். ஒரு நொடி மட்டும் அந்தத் துளை வழியாக அந்தப் பக்கம் தெரியும். ஹெச்.இ கிரனேடு ஒன்றைப் புகை நடுவில் வீசினால் புகை அப்படியே விலகி, சில நொடிகளுக்குத் திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

பார்க்க அழகு என்பது ஒருபக்கம். ஆட்டத்தில் இதன் விளைவைப் பாருங்கள். முன்பெல்லாம் புகை போட்டுவிட்டால் அந்த வழி கொஞ்ச நேரத்துக்குப் பூட்டு. "ஸ்மோக் போட்டாச்சு, இனி அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்" என்று நிம்மதியாக முதுகைக் காட்டலாம். இப்போது அந்த நிம்மதி போச்சு. 300 டாலர் கொடுத்து நீங்கள் கட்டிய சுவரை, அதே 300 டாலர் ஹெச்.இ ஒன்றால் எதிராளி உடைக்க முடியும். எப்போது உடைப்பார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் குண்டு வீச, இன்னொருவர் ஸ்னைப்பரோடு அந்த நொடிக்காகக் காத்திருக்க... என்று ரெண்டு பேர் சேர்ந்து செய்யும் வித்தைகள் முதல் வாரத்திலேயே வந்துவிட்டன. தனியாக ஆடுபவருக்கு இது கஷ்டம். மைக் ஆன் பண்ணி டீமோடு பேசுபவருக்கு இது வரம்.

குறை இல்லாமல் இல்லை. சாதாரண கம்ப்யூட்டரில், புகையும் தீயும் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஃபிரேம் ரேட் படுத்துவிடுகிறது என்ற புலம்பல் ஆரம்பத்திலேயே கேட்டது. சி.எஸ்:கோவில் பழைய லேப்டாப்பில் சமாளித்தவர்கள் நிறைய பேர் இந்த இடத்தில்தான் முதல்முறை பயந்தார்கள்.

சப்-டிக்: வாக்குறுதியும் வயிற்றெரிச்சலும்

புகைக்குக் கைதட்டியவர்கள் அதே மூச்சில் திட்டியது 'சப்-டிக்' என்ற விஷயத்தை. பெயர் பயமுறுத்தினாலும் புரிந்துகொள்வது சுலபம்தான்.

ஆன்லைன் கேமில் சர்வர் என்பது நடுவர். நீங்கள் சுட்டீர்களா, எதிராளி நகர்ந்தாரா என்று அது தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்காது. நொடிக்கு இத்தனை தடவை என்று கணக்கு வைத்துப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு 'டிக்'. வால்வின் சி.எஸ்:கோ சர்வர்கள் நொடிக்கு 64 டிக். அதாவது சுமார் 15.6 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. ஃபேஸ்இட் மாதிரி வெளித் தளங்கள் 128 டிக் கொடுத்தன. "128 இருந்தா நான் எப்படி ஆடுவேன் தெரியுமா" என்பது பல வருஷங்களாகத் தோற்றவர்களின் தேசிய கீதம்.

ஆபீஸ் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 9 மணியிலிருந்து 9.15-க்குள் யார் வந்தாலும் '9.15' என்றுதான் எழுதுவேன் என்று ஒரு கிளர்க் சொன்னால், 9.01-க்கு வந்தவரும் 9.14-க்கு வந்தவரும் ஒன்றுதான். பழைய டிக் முறை அது. சப்-டிக் என்பது பஞ்சிங் மெஷின். சர்வர் இப்போதும் 64 தடவைதான் கணக்கு பார்க்கும். ஆனால், நீங்கள் மவுஸைச் சொடுக்கிய துல்லியமான நேரமும் சேர்ந்தே போகும். அதை வைத்து யார் முதலில் சுட்டார் என்று அது முடிவு செய்யும். இனி டிக் ரேட் பற்றிக் கவலையே வேண்டாம் என்ற அர்த்தத்தில் வால்வ் பெருமையாக அறிவித்தது.

காகிதத்தில் பிரமாதம். கையில் பிடித்தபோது? "சுவருக்குப் பின்னால் வந்த பிறகும் செத்துட்டேன்" என்பதுதான் முதல் மாதத்தில் எங்கே பார்த்தாலும் இருந்த புகார். துப்பாக்கி வெடிப்பதற்கும் திரையில் அது தெரிவதற்கும் நடுவில் ஏதோ ஒரு மெல்லிய இடைவெளி இருப்பதுபோல உணர்ந்தார்கள். பஞ்சிங் மெஷின் நேரம் சரியாகப் பதிந்தாலும், கிளர்க் அதை வாசித்துச் சொல்வது 15 நிமிஷத்துக்கு ஒருமுறைதானே! கணக்கு துல்லியம், காட்சி அடுத்த டிக்கில். வால்வ் பிறகு வந்த அப்டேட்களில் இந்த உணர்வைப் படிப்படியாகச் சரிசெய்துகொண்டே வந்தது.

ஆனால், சுவருக்குப் பின்னால் சாகும் எல்லா சாவுக்கும் சப்-டிக் மீது பழி போடுவது நியாயமில்லை. உங்கள் பிங் 30, எதிராளியின் பிங் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரையில் நீங்கள் இன்னும் சுவருக்கு வெளியே நிற்கிறீர்கள். அவர் சுடுகிறார். அந்தச் செய்தி சர்வர் வழியாக உங்களுக்கு வருவதற்குள் உங்கள் திரையில் நீங்கள் உள்ளே ஓடிவிட்டீர்கள். சர்வர் இரண்டு பேரில் ஒருவரை ஏமாற்றித்தான் ஆகணும். சுட்டவர் பக்கம் நிற்பதுதான் பெரும்பாலான ஷூட்டர் கேம்களின் வழக்கம். மூலையிலிருந்து வெளியே வருபவருக்கு, உள்ளே காத்திருப்பவரைவிடச் சில மில்லி செகண்டு முன்னாடியே எதிராளி தெரிவதும் இதே காரணத்தால்தான். டிக் 64 ஆனாலும் 128 ஆனாலும் இது இருக்கும். கேபிளில் டேட்டா போகும் வேகத்தை எந்த கேம் கம்பெனியும் கூட்ட முடியாது.

நமக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. வால்வுக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒழுங்கான ஃபைபர் கனெக்‌ஷன் இருந்தால் பிங் பிரச்னை பெரிதாக இருக்காது. செட்டிங்ஸில் 'அதிகபட்ச மேட்ச்மேக்கிங் பிங்' என்று ஒன்று இருக்கும். அதைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஆள் கிடைக்காத நேரத்தில் தூர தேசத்து சர்வரில் கொண்டுபோய் விட்டுவிடும். மேட்ச் கிடைக்கக் கொஞ்சம் லேட் ஆகும், பரவாயில்லை. முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள். 5,000 ரூபாய் கேமிங் மவுஸைவிட அந்த 200 ரூபாய் கேபிள் உங்கள் ஆட்டத்தை அதிகம் மாற்றும்.

சப்-டிக் கெடுத்த இன்னொரு விஷயம் ஜம்ப்-த்ரோ. எகிறிக்கொண்டே ஸ்மோக் வீசினால் தூரமாக, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் போய் விழும். பழைய ஆட்டக்காரர்கள் இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். துல்லியமான நேரம் பதிவாக ஆரம்பித்ததும், எகிறும் நொடிக்கும் வீசும் நொடிக்கும் நடுவில் இருக்கும் பொடி வித்தியாசம்கூடக் கணக்கில் வந்து, ஒரே வீச்சு ஒவ்வொரு தடவையும் வேற இடத்தில் விழுந்தது. துல்லியமே எதிரியான கதை! பிறகு அதற்கும் திருத்தம் வந்தது. ஒரே பட்டனில் எகிறுவது, வீசுவது இரண்டையும் சேர்த்து வைக்கும் பழைய குறுக்குவழியை மட்டும் 2024 ஆகஸ்ட்டில் வால்வ் அதிகாரபூர்வ சர்வர்களில் நிறுத்திவிட்டது. அதே சமயத்தில் 'ஸ்னாப் டேப்' மாதிரி, கீபோர்டே உங்களுக்குப் பதில் எதிர்த் திசை கீயை மாற்றிக்கொடுக்கும் வசதிகளையும் தடைசெய்தது. அதை ஆன் செய்து ஆடினால் மேட்ச்சிலிருந்து தூக்கிவிடும். புது கீபோர்டு வாங்கப்போகிறவர்கள், கடைக்காரர் இந்த வசதியைச் சொல்லி விலையை ஏற்றினால் உஷார்.

13 ரவுண்டு கணக்கு

சி.எஸ்:கோவில் முதலில் 16 ரவுண்டு ஜெயிக்கும் அணிக்கு வெற்றி. அதிகபட்சம் 30 ரவுண்டு. புதிய பாகத்தில் 13 ஜெயித்தால் போதும், அதிகபட்சம் 24. பாதிக்கு 12 என்பதால் இதை 'எம்.ஆர் 12' என்பார்கள்.

"ஆறு ரவுண்டுதானே குறைஞ்சிருக்கு" என்று தோன்றும். முதல் நாள் எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஆடிப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஒவ்வொரு பாதியின் முதல் ரவுண்டும் பிஸ்டல் ரவுண்டு. எல்லோர் கையிலும் வெறும் 800 டாலர். அதில் ஜெயித்த அணி அடுத்த ரவுண்டில் நல்ல துப்பாக்கியோடு வரும், தோற்ற அணி பிஸ்டலோடு வரும். ஆக ஒரு பிஸ்டல் ரவுண்டு என்பது பெரும்பாலும் இரண்டு, சமயத்தில் மூன்று ரவுண்டுகளுக்குச் சமம். 16-ல் மூன்று போவது வேற, 13-ல் மூன்று போவது வேற. இரண்டு பிஸ்டலையும் கோட்டைவிட்ட அணி, கிட்டத்தட்ட பாதி மேட்ச்சைத் தானம் செய்துவிட்டுத்தான் ஆட ஆரம்பிக்கிறது.

பணக் கணக்கும் இறுகியது. தோற்ற அணிக்கு ஆறுதல் பணம் 1,400 டாலரில் ஆரம்பித்து, தொடர்ந்து தோற்றால் 500, 500-ஆக ஏறி 3,400 வரை போகும். ஏ.கே-47 விலை 2,700. கவசம், குண்டு எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கு 4,000-க்கு மேல் வேண்டும். அதனால், "இந்த ரவுண்டு எதுவும் வாங்க வேண்டாம், அடுத்ததில் எல்லோரும் சேர்ந்து வாங்கலாம்" என்று சேமிப்பது பழைய பழக்கம். 30 ரவுண்டில் நாலைந்து தடவை அப்படிச் சேமிக்கலாம். 24-ல் அந்த ஆடம்பரம் இல்லை. அரைகுறையாக வாங்கிக்கொண்டு முட்டிப்பார்க்கும் ரவுண்டுகள் அதிகமாயின.

இதில் ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 3-12 என்ற நிலையிலிருந்து எழுந்து வந்து ஜெயிக்கும் நாடகம் குறைந்துபோகும் என்று வருத்தப்பட்டவர்கள் ஒருபக்கம். காலேஜ், வேலை முடித்து ராத்திரி ஒரு மேட்ச் போட்டுவிட்டுத் தூங்க நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கோஷ்டி. டீமில் ஒருத்தர் முதல் ரவுண்டிலிருந்தே மைக்கில் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு மணி நேரம் அங்கே மாட்டிக்கொள்வதற்குப் பதில் முக்கால் மணிக்குள் விடுதலை என்பது சாதாரண விஷயமில்லை. இடையில் எழுந்து போனால் கூல்டவுன் விழும் என்பதால் ஓடவும் முடியாது. பெரிய போட்டிகளும் இந்த முறைக்கே மாறிவிட்டன. சி.எஸ் 2-வின் முதல் மேஜர், 2024 மார்ச்சில் கோபன்ஹேகனில் நடந்தது. நாட்டஸ் வின்சரே அணி கோப்பையைத் தூக்கியது.

ரேங்க்: படமா, எண்ணா?

முன்பு 'சில்வர்' முதல் 'குளோபல் எலீட்' வரை 18 படிகள். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று யாருக்கும் தெரியாது. ஜெயித்துக்கொண்டே இருப்போம், ஒருநாள் படம் மாறும். இல்லாவிட்டால் மாறாது. சாமி கண் திறப்பது மாதிரிதான்.

புதிய பாகத்தில் 'பிரீமியர்' என்ற மோடு முக்கியமானது. அதில் 10 மேட்ச் ஜெயித்தால் 'சி.எஸ் ரேட்டிங்' என்று ஒரு எண் கிடைக்கும். 5,000-க்குக் கீழே சாம்பல், மேலே போகப் போக நீலம், ஊதா, பிங்க், சிவப்பு என்று மாறி, 30,000 தாண்டினால் தங்கம். மேட்ச் ஆரம்பிக்கும்போதே ஜெயித்தால் இத்தனை, தோற்றால் இத்தனை என்று காட்டிவிடும். நண்பர்கள், ஆசியா, உலகம் என்று பட்டியலில் உங்கள் இடத்தையும் பார்க்கலாம். எந்த மேப் ஆடுவது என்பதையும் இரண்டு அணியும் மாறி மாறி வேண்டாதவற்றை நீக்கித்தான் முடிவு செய்கின்றன. ஏழு மேப்பும் ஓரளவு தெரியாமல் பிரீமியருக்குள் போனால், உங்களுக்குத் தெரியாத மேப்தான் வந்து நிற்கும்!

முதல் வாரங்களில் இந்த எண் பலரைத் தூங்க விடவில்லை. நாலு மேட்ச் ஜெயித்து ஏறியது, ஒரே தோல்வியில் பல நூறு புள்ளிகளாகச் சரிந்தது. படம் இருந்த காலத்தில் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம், எண் வந்ததும் வலிக்க ஆரம்பித்தது. புது ரேட்டிங் முறை எல்லோரையும் அளந்து முடிக்க நேரம் எடுக்கும். ஆரம்ப நாள் எண்களை வைத்து அந்தக் காலத்தில் போட்ட சவால்கள் எல்லாம் வீண்.

பழைய படங்கள் ஒழிந்துவிடவில்லை. 'காம்பெட்டிட்டிவ்' மோடில் அவை இருக்கின்றன. ஆனால், ஒவ்வொரு மேப்புக்கும் தனித்தனி ரேங்க். மிராஜில் கில்லியாக இருக்கும் ஒருவர் நியூக் மேப்பில் சில்வராக இருக்கலாம். புதிதாக வருபவர்களுக்கு என் சிபாரிசு இந்த மோடுதான். ஒரே ஒரு மேப்பை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதையே ஆடுங்கள்.

துப்பாக்கி வாங்கும் மெனுவும் மாறியிருக்கிறது. பழைய வட்டச் சக்கரத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக ஒரு பலகை. மேட்ச்சுக்கு முன்பே உங்களுக்குப் பிடித்த 15 ஆயுதங்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கிக்கொள்ளலாம். எம்4ஏ4, எம்4ஏ1-எஸ் இரண்டில் ஒன்றுதான் என்ற பழைய தலைவலி போயாச்சு, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தப்பாக வாங்கிவிட்டால் வாங்கும் நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இதைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

எங்கே போனது என் கேம்?

கோபத்தின் வேர் இங்கேதான். பழைய கேமில் இருந்த பல விஷயங்கள் புதிய பாகம் வந்த அன்று இல்லவே இல்லை. ஒவ்வொரு கில்லுக்கும் துப்பாக்கி மாறும் 'ஆர்ம்ஸ் ரேஸ்', 'டெமாலிஷன்', பேட்டில் ராயல் வகையான 'டேஞ்சர் ஸோன்', எல்லாம் காலி. இடது கையில் துப்பாக்கி பிடிக்கும் வசதிகூட இல்லை. இடதுகைக்காரர்கள் நொந்துபோனார்கள். ஆப்பிள் மேக், டைரக்ட்எக்ஸ் 9 கார்டு, 32-பிட் சிஸ்டம் மூன்றுக்கும் ஆதரவு இல்லை. எல்லாம் சேர்த்தே ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான ஆட்டக்காரர்கள்தான் என்று வால்வ் விளக்கம் சொன்னது. அந்த ஒரு சதவிகிதத்தில் நீங்கள் இருந்தால், அந்த விளக்கத்தை வைத்து என்ன செய்வது?

ஸ்டீம் ரிவ்யூ பக்கத்தில் சிவப்புக் கட்டைவிரல்கள் குவிந்தன. அதில் ஒரு வேடிக்கை, இரண்டு கேமுக்கும் ஒரே பக்கம் என்பதால் சி.எஸ்:கோ வாங்கிய பழைய பாராட்டுகளும் அங்கேயே இருந்தன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு கேம் அமோகமாக ஓடுவதுபோலத்தான் தெரியும்.

சீட்டர்கள் தொல்லை இன்னொரு பக்கம். ஏமாற்றுபவரைக் கண்டுபிடித்தால் மேட்ச்சை நடுவிலேயே நிறுத்தும் 'வேக் லைவ்' வந்தும், சுவருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்கும் ஆட்கள் பிரீமியரின் மேல்தட்டில் திரிந்தார்கள். இதற்கு நேர்மாறான கூத்தும் நடந்தது. 2023 அக்டோபரில் ஏ.எம்.டி நிறுவனம் 'ஆன்ட்டி-லேக் பிளஸ்' என்ற வசதியை கிராபிக்ஸ் டிரைவரில் கொண்டுவந்தது. அதை ஆன் செய்து ஆடிய அப்பாவிகள் சீட்டர் என்று தடை வாங்கினார்கள். டிரைவர் கேமின் கோடுக்குள் கை வைத்ததுதான் காரணம். ஏ.எம்.டி அந்த டிரைவரை வாபஸ் வாங்கியது. தடை வாங்கியவர்களை வால்வ் விடுவித்தது. டிரைவர் அப்டேட் செய்ததற்குத் தண்டனை என்பது கேம் வரலாற்றில் தனி அத்தியாயம்.

இதில் என்னென்ன திரும்பி வந்தன? ஆர்ம்ஸ் ரேஸ் 2024 பிப்ரவரியில் வந்தது. இடது கை அதே ஏப்ரலில் வந்தது. பலரும் கேட்ட 'ட்ரெய்ன்' மேப் 2024 நவம்பரில், மழையும் ஈரமுமாகப் புதுப் பொலிவோடு வந்தது. ஏழெட்டு மாதம், ஒரு வருஷம் என்று இழுத்து, முதல் நாளே இருந்திருக்க வேண்டியவற்றைத் தவணை முறையில் கொடுத்தார்கள் என்பதுதான் என் கணக்கு. பழைய கேமை இன்னும் ஆறு மாதம் பக்கத்திலேயே ஓடவிட்டிருந்தால் இந்தக் கோபத்தில் பாதி கிளம்பியே இருக்காது.

பழையதைப் பார்த்தே ஆகணும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், பீட்டா பகுதியில் சி.எஸ்:கோ லெகஸி பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பழைய கேம் டவுன்லோடு ஆகும். பாட்களோடு ஆடலாம், மேப்பில் சுற்றலாம். வால்வின் மேட்ச்மேக்கிங் மட்டும் கிடையாது. ஆள் இல்லாத பழைய ஸ்கூலுக்குள் நடந்துபோவது மாதிரி இருக்கும்.

இறங்குவதற்கு முன்னால்

கம்ப்யூட்டருக்குக் குறைந்தது 8 ஜி.பி ரேம், 85 ஜி.பி இடம், விண்டோஸ் 10 என்கிறது ஸ்டீம் பக்கம். அதில் கேம் திறக்கும், அவ்வளவுதான். புகைக்குள் சண்டை போட 16 ஜி.பி ரேமும் ஓரளவு சமீபத்திய கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் நிம்மதி.

மொபைலில் இந்த கேம் கிடையாது. 'சி.எஸ் 2 மொபைல் ஏ.பி.கே' என்று வரும் லிங்க் எதையும் தொடாதீர்கள். வால்வ் அப்படி எதையும் வெளியிடவில்லை. "உங்க ஸ்கின்னை இங்கே செக் பண்ணுங்க" என்று டிஸ்கார்டில் வரும் லிங்க்குகளும் அதே ரகம். ஸ்டீம் பாஸ்வேர்டைக் கொடுத்த அடுத்த நிமிஷம் மொத்த இன்வென்ட்ரியும் காலி.

கடைசியாகப் பணம். கேம் இலவசம். கேஷுவல், டெத்மேட்ச் எல்லாம் சும்மாவே ஆடலாம். பிரீமியர் ஆட 'பிரைம்' வாங்கணும். முதல் ஒரு மாதம் அதை வாங்காதீர்கள். டெத்மேட்ச்சில் தினமும் அரை மணி நேரம் ஏ.கே பிடித்துப் பழகுங்கள். பிடித்திருந்தால் பிறகு வாங்கலாம். பிரைம் ஒருமுறைச் செலவு, அதில் பிரச்னை இல்லை. பிரச்னை கேஸ் திறப்பதில். ஒரு சாவி 2.49 டாலர். கத்தி அல்லது கையுறை விழும் வாய்ப்பு, சீனாவில் வெளியிடப்பட்ட கணக்கின்படி 0.26 சதவிகிதம். அதாவது சராசரியாக 385 பெட்டி திறந்தால் ஒன்று. சாவிக்கு மட்டும் 950 டாலருக்கு மேல் போயிருக்கும். ஒரு நல்ல கேமிங் லேப்டாப்பின் விலை அது. குறிப்பிட்ட ஸ்கின்தான் வேண்டும் என்றால் ஸ்டீம் மார்க்கெட்டில் அதை மட்டும் நேராக வாங்கிக்கொள்ளுங்கள். சில ரூபாய்க்குக்கூட கண்ணுக்கு லட்சணமான ஸ்கின் அங்கே கிடைக்கிறது. புதிய பாகத்தின் லைட்டிங்கில் அவை பழையதைவிடப் பளபளப்பாகவே தெரிகின்றன.